அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது

ஜூன் 12, வியாழன்

இன்று அச்சகத்தில் நான்கு கல்யாணப் பத்திரிகைகள் கம்போஸ் செய்தேன். நான்கிலும் மணப்பெண் பாத்திமா. முன்னால் ஒரு ஒட்டு, பின்னால் ஒரு ஒட்டு என்று வீட்டுக்கு வீடு மாற்றம். நடுவில் அதே பாத்திமா. மெஷின் ஓட்டுபவர், "ஒரே பிளேட்டப் போட்டு ஓட்டிடலாம்மா, மாப்பிள்ளை பேரை மட்டும் மாத்திக்குவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். பேச்சு அப்படியே எங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் பெயருக்கு வந்தது. பையன் என்றால் மாமனார் பெயர். அது எனக்குக் கல்யாணமான வாரமே முடிவான விஷயம். பெண் என்றால்? ஆறு மாதம் ஆகிறது, நான் இன்னும் யோசிக்கவே இல்லை.

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "தீமா" என்றார்.

"என்னது?"

"தீமா. பொண்ணு பிறந்தா அந்தப் பேரு வைக்கலாம்."

"அர்த்தம்?"

"மழை. இடி மின்னல் எதுவும் இல்லாம, நிதானமா, நிக்காம பெய்யுமே. அந்த மழை."

நன்றாகத்தான் இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். இரண்டே எழுத்து. கூப்பிடச் சுலபம். சரி என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனா? தலையாட்டினேன். அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

மாமியிடம் அவரே போய்ச் சொன்னார். மாமி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "தீயா? பச்சப்புள்ளைக்கு தீன்னு ஆரம்பிக்கிற பேரா? அப்படியே ஒரு கேன் மண்ணெண்ணெயும் வாங்கி வச்சிடு."

"மழைம்மா அது. அரபியில மழை."

"அரபியில மழையா இருந்தா இங்க எனக்கென்ன? நான் தமிழ்லதானே கூப்பிடணும்."

எனக்குச் சிரிப்பு. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் வாதாடினார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர் தன் உம்மாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. என் வேலைக்காகப் பேசியதில்லை. நாங்கள் தனிக் குடித்தனம் போகலாமா என்று நான் கேட்டபோது பேசியதில்லை. ஒரு பெயருக்காகப் பேசினார்.

ஜூன் 16, திங்கள்

ஒன்பது வருடமாக மனிதர்களின் பெயர்களைத் தட்டச்சு செய்துதான் சோறு சாப்பிடுகிறேன். கல்யாணம், கடை திறப்பு, இரங்கல் செய்தி, விசிட்டிங் கார்டு. எழுத்துப்பிழை இல்லாமல் வர வேண்டுமே என்று ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை உதட்டை அசைத்துப் படிப்பேன். ஆயிஷாக்களும் ஜைனப்களும் கூடை கூடையாக வந்து போயிருக்கிறார்கள். நுஹா என்று ஒருத்தி வந்தாள். ஜுமானா இரண்டு பேர். தீமா என்று ஒருத்தி வந்ததே இல்லை.

அப்படியானால், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கும் இவர் காதில் அது எப்படி விழுந்தது? அவருக்கும் என்னைப் போலத்தான், அரபி ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. இதற்கு மட்டும் அர்த்தம், இடி, மின்னல் எல்லாம் தெரிந்திருக்கிறதே.

ஜூன் 21, சனி

கேட்டேன். நேராகவே கேட்டேன்.

"அந்தப் பேரை எங்க கேட்டீங்க?"

"எங்கேயோ கேட்டது."

"எங்கேயோன்னா?"

"ஞாபகம் இல்ல. இப்ப அது எதுக்கு?"

அவருக்கு வாய் பொய் சொல்லும். காதுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு காதும் குங்குமமாகச் சிவந்தன. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் குடித்தார்.

ஜூன் 24, செவ்வாய்

யாரோ ஒருத்தி இருந்திருக்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

அரபி வாத்தியார் ஒருவர் பாடப்புத்தகம் அச்சடிக்க வந்திருந்தார். வயதானவர், பிழை திருத்துவதில் என்னைவிட மோசம், ஒரு புள்ளிக்கு ஒரு மணி நேரம். வேலை முடிந்ததும் போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன். தோழி ஒருத்தி தன் பெண்ணுக்கு வைக்கப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டேன். தோழி. எனக்கு அந்த ஊமை மழையைப் பற்றிக் கேட்க ஒரு தோழி தேவைப்பட்டாள்.

"தீமாவா?" என்றார். முகம் மலர்ந்தது. "நல்ல பேரும்மா. இடியும் மின்னலும் இல்லாத மழை. ஆனா அது பாதிதான். வேர் வந்து 'தாம'. நிலைச்சு இருக்கறது, விடாம தொடர்றது. அந்த மழை சத்தம் போடாது, ஆனா நிக்காது. பழைய சொல்லு. பயிருக்கு நல்லது செய்யற மழை இதுதான்."

"இங்க யாராவது வச்சிருக்காங்களா?"

"அரபி நாடுகள்ல வைக்கிறாங்க. நம்ம ஆளுங்ககிட்ட…" உதட்டைப் பிதுக்கினார். "நான் இத்தனை பிள்ளைங்களுக்கு ஓதிக் குடுத்திருக்கேன், ஒண்ணுகூட இல்ல. ரொம்ப அபூர்வம்."

அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. அபூர்வம் என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பெயரில் பத்துப் பேர் இல்லை என்று அர்த்தம். ஒருத்திதான் இருப்பாள் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து ஆயிஷா என்று வந்திருந்தால் நான் எந்த ஆயிஷாவைத் தேடுவேன்? தேடவே தோன்றியிருக்காது. நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

மதிய இடைவேளையில் அவருடைய கடைக்குப் போனேன். கண்ணாடியின் திருகாணி லூஸ் என்று காரணம். லூஸ்தான், நேற்று நானே கொஞ்சம் லூஸாக்கினேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் போனேன்.

கண் டெஸ்ட் செய்பவர் இருந்தார். அவரும் இவரும் முன்பு வேலை பார்த்த பழைய கடையிலிருந்தே கூட்டாளிகள். வளவளவென்று பேசுகிற மனிதர். "என்னம்மா, பேரு பாத்தாச்சா?" என்று அவரே ஆரம்பித்தார்.

"தீமான்னு சொல்றாரு" என்றேன். குரலைப் பஞ்சாக வைத்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "தீமாவா? ஆளு மறக்கலையே. பழைய கடைக்கு மேல பல் கிளினிக்ல அந்தப் பொண்ணு…"

அங்கேயே நின்றுவிட்டார். திருகாணியை மும்முரமாக முடுக்க ஆரம்பித்தார். இனி அந்தக் கண்ணாடி இந்த ஜென்மத்தில் கழலாது.

"எந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணும் இல்லம்மா. நான் வேற எதையோ நினைச்சேன்."

ஜூலை 9, புதன்

மறக்கலையே. மறக்கலையேன்னா என்ன அர்த்தம்? மறக்கணும்னு எல்லாரும் சேர்ந்து காத்திருந்தாங்களா? அவருக்குத் தெரியும், இந்த ஆளுக்குத் தெரியும், மேலே இருந்தவளுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என் வயித்துல இருக்கறதுக்கு அவ பேரு. நான் பத்து மாசம் சுமந்து, நான் வாந்தி எடுத்து, என் காலு வீங்கி, பெத்துக் கையில குடுத்தா அவரு அவ பேரைச் சொல்லிக் கொஞ்சுவாரு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவாரு? நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். நானும் கூப்பிடணும். அவளை என் வாயால நானே கூப்பிடணும்.

இன்று சாப்பாட்டில் உப்புப் போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதற்கும் கோபம்.

ஜூலை 14, திங்கள்

போய்விட்டு வந்தேன்.

காலையில் முதலாளியிடம் பல்வலி என்றேன். பழைய கடை இருந்த தெரு எனக்குத் தெரியும். கீழே இப்போது செருப்புக் கடை. மாடிப்படி குறுகல், கைப்பிடி ஆடுகிறது. இதில் அவள் ஏறி இறங்குவதைக் கீழேயிருந்து பார்த்திருப்பார் என்று ஒவ்வொரு படிக்கும் நினைத்துக்கொண்டே ஏறினேன். மூச்சு வாங்கியது. வயிறு வேறு.

பல் சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். உள்ளே போகச் சொன்னார்கள். நாற்காலியில் சாய்த்தார்கள். மேலே வெள்ளை விளக்கு. பச்சைக் கோட்டும் முகக்கவசமும் போட்ட ஒருத்தி குனிந்தாள். கோட்டில் பெயர்ப் பட்டை. இரண்டே எழுத்து.

வாயைத் திறப்பதற்குள் "வாயைத் திறங்க" என்றாள்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். எல்லாம் அவளுடைய கொக்கிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வாயில் குழாய், கண்ணாடி, அவள் விரல். எனக்குத் தெரிந்ததெல்லாம் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள். நல்ல கண்கள். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். புருவம் சீராக இருந்தது. கை வலிக்காமல் வேலை செய்தது. ஏதாவது ஒன்று மோசமாக இருக்கக்கூடாதா என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

"ஈறுல ரத்தம் வருது. இந்த சமயத்துல வரும், பயப்படாதீங்க. எத்தனை மாசம்?"

ஏழு என்று விரலைக் காட்டினேன்.

"மொதல் குழந்தையா?"

தலையாட்டினேன்.

"பேரு பாத்துட்டீங்களா?"

வாயில் குழாயோடு அவளையே பார்த்தேன். இதைவிடக் கொடுமை என்ன வேண்டும்?

கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் குரல் கிடைத்தது. "உங்க பேரு… இதுவரை கேட்டதே இல்ல."

அவள் முகக்கவசத்தை இறக்கினாள். முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. பல் கிளினிக்கில் வேலை, சொந்தப் பல் கோணல். அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடி அவள் சிரித்தாள், அந்தக் கோணல்தான் அவளுக்கு அழகு என்று தெரிந்தது. அப்பாடா போய்விட்டது.

"ஐயோ, அது பெரிய கதை. ஸ்கூல்ல எல்லாரும் தீப்பெட்டின்னுதான் கூப்பிடுவாங்க. எங்க வாப்பா வெளிநாட்டுல டிரைவரா இருந்தாரு. அங்க முதலாளி வீட்டுப் பொண்ணு பேராம் இது. நான் பிறந்ததும் வச்சிட்டாரு. எங்க உம்மாவுக்கு வருஷக்கணக்கா சந்தேகம், அது யாரு பேருன்னு. 'அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு, என்ன வயசு'ன்னு கேட்டு அவரு உசுரை எடுத்திருக்காங்க. கடைசியில பாத்தா அதுக்கு நாலு வயசு."

அவள் சிரித்தாள். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. பல்லெல்லாம் கூசிக்கொண்டிருந்தது.

"கீழ ஒரு கண்ணாடிக் கடை இருந்துச்சே" என்றேன். எப்படியோ வந்துவிட்டது.

"ஆமா, இருந்துச்சு. என் கண்ணாடியே அங்கதான் போட்டேன்."

"அங்க லென்ஸ் போடறவரு ஒருத்தரு. உயரமா இருப்பாரு. இடது கைப் பழக்கம்."

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், புருவம் சுருங்கியது. "டெஸ்ட் பண்ணுவாரே, நிறையப் பேசுவாரு, அவரைத் தெரியும். வேற யாரும்… இருந்தாங்களா? ஞாபகம் இல்லீங்களே. ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"ஆமா. தெரிஞ்சவரு" என்றேன்.

இறங்கி வந்து செருப்புக் கடை வாசலில் நின்றேன். சந்தோஷப்பட வேண்டியவள் நான். எதுவுமே நடக்கவில்லை, அவளுக்கு முகம்கூடத் தெரியாது. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படி ஞாபகம் இல்லாமல் போகும்? உயரமான மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர், யாருக்கும் ஃபிரேம் கோணலாகக் கொடுக்காதவர். இவளுடைய கண்ணாடியை எத்தனை கவனமாகத் தேய்த்திருப்பார். அதை மூக்கில் மாட்டிக்கொண்டு அவரைப் பார்க்காமலேயே போயிருக்கிறாள்.

நான் எந்தக் கட்சி என்று எனக்கே விளங்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்று மாமி தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை செய்கிற வேலை. கேட்காமலே எடுத்துத் துடைப்பார்.

"பல் கிளீன் பண்ணிக்கிட்டேன்" என்றேன்.

"எங்க?"

"உங்க பழைய கடைக்கு மேல."

துணி நின்றது. பிறகு கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"பிடிச்சிருந்துச்சு" என்றார். "பொய் சொல்லல. கல்யாணத்துக்கு முன்னாடி."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"பேசினீங்களா?"

"ஒரு தடவை. கண்ணாடி குடுக்க வந்துச்சு. கவர் மேல எழுத பேரு கேட்டேன். புதுசா இருந்துச்சு, அர்த்தம் கேட்டேன். சொல்லுச்சு. வெள்ளிக்கிழமை ரெடி ஆயிடும்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை அதோட தம்பி வந்து வாங்கிட்டுப் போயிட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அவளுக்கு உங்களை ஞாபகமே இல்ல" என்றேன். குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். குத்தியது. பார்த்துக்கொண்டே இருந்தேன், முகம் சுண்டியது, பிறகு மெதுவாகச் சரியானது.

"இருக்காது" என்றார். "அதுக்கு என்னைத் தெரியவே தெரியாதே."

"தெரியாத ஒருத்திய ரெண்டு வருஷம் நினைச்சீங்க. என்னைப் பாக்க வந்தப்ப ஒரு டீ குடிக்கிற நேரம் பாத்தீங்க. சரின்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

அவர் துணியை நான்காக மடித்தார். மடித்து வைத்துவிட்டு, "உன்னை நினைச்சுக்கிட்டு இருக்க வேண்டிய அவசியம் இல்லையே. நீ கூடவே இருக்கியே" என்றார். நல்ல பதில் என்று நினைத்துச் சொன்னார். எனக்கு அது எரிச்சலைத்தான் கூட்டியது. கூட இருப்பவளை யாரும் நினைப்பதில்லை என்றுதானே அர்த்தம்?

"அந்தப் பொண்ணு மேல இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. முகமே சரியா ஞாபகம் இல்ல. பேரு மட்டும் நல்லா இருந்துச்சு, தங்கிடுச்சு."

"அந்தப் பேரு வேண்டாம்."

"சரி."

"சரின்னா?"

"வேண்டாம்னா வேண்டாம். வேற பாக்கலாம்."

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற பெயருக்காகவா உம்மாவிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார்? இல்லை, எனக்காக விட்டுக்கொடுக்கிறாரா? எதுவாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பெயர் வேட்டை.

அரீஜ், வாசனை. நன்றாக இருந்தது, என்னோடு படித்தவள் ஒருத்திக்கு இருந்தது, அவளை எனக்குப் பிடிக்காது. லுஜைன், வெள்ளி. மாமி "லுங்கியா?" என்றார். ஹதீல், புறா கூவுகிற சத்தம். அவர் "ம்" என்றார். நான் எதைச் சொன்னாலும் "ம், நல்லாருக்கு" என்கிறார். ஒரே அளவு "நல்லாருக்கு". முழக்கோல் வைத்து வெட்டிய மாதிரி.

ஒரு பெயரையாவது அன்றைக்குச் சொன்னதுபோல, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, யோசிக்காமல் சொல்ல மாட்டாரா?

ஆகஸ்ட் 2, சனி

கனவில் அவள் வந்து என் பல்லை விளக்கினாள். ஒவ்வொரு பல்லிலும் அவளுடைய பெயர். சே.

ஆகஸ்ட் 13, புதன்

டாக்டர் ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்கிறார். உப்பைக் குறை, கவலையைக் குறை. உப்பைக் குறைக்கலாம்.

அச்சகத்துக்கு நாளையிலிருந்து விடுப்பு. மெஷின் ஓட்டுபவர் ஒரு கட்டு வெள்ளைத் தாள் கொடுத்தார். "புள்ள கிறுக்கறதுக்கு வச்சுக்கம்மா." பிறக்கவே இல்லை, அதற்குள் கிறுக்கத் தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுத முடிகிறது.

நேற்றுக் காலை தலை வெடிப்பதுபோல் வலி, கண் மங்கல். அவர் ஆட்டோவில் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தார். காத்திருக்க முடியாது என்று உடனே அறுத்து எடுத்துவிட்டார்கள். பெண். ஆறு வாரத்துக்குமேல் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு கிலோகூட இல்லை. அழுதாளா என்று கேட்டேன். "அழுதா, கொஞ்சமா" என்றார் நர்ஸ். என்னிடம் காட்டவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சக்கர நாற்காலியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். பெட்டியின் மேல் ஒரு சீட்டு: என் பெயர், பக்கத்தில் "பெண் குழந்தை". அவ்வளவுதான் அவள். மூக்கில் குழாய். கை என் சுண்டுவிரல் பருமன்.

எடை குறைந்திருக்கிறது. முதலில் குறையும் என்கிறார்கள். மூச்சு இடையிடையே நிற்கிறதாம். மறந்துவிடுகிறாளாம். நர்ஸ் காலைச் சுண்டினால் மறுபடி எடுக்கிறாளாம். "சின்னதுங்க அப்படித்தான், போகப் போக சரியாயிடும்" என்கிறார். மூச்சு விடுவதை ஒரு பிள்ளை மறக்குமா?

அவர் இங்கேயே வாசல் பெஞ்சில் கிடக்கிறார். கடைக்குப் போகவில்லை. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பகல் பதினோரு மணிக்கு என்னைப் பெட்டிப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வட்டத் துளை வழியாகக் கையை விட்டுத் தொடலாம் என்றார் நர்ஸ். "பேசுங்கம்மா. உங்க குரலு அதுக்குத் தெரியும். பேரு சொல்லிக் கூப்பிடுங்க."

"பேரு இன்னும் வைக்கல."

"ஏன்? எட்டு நாளாச்சே. கூப்பிட ஒரு பேரு வேணாமா?"

கண்ணாடிக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். மழிக்காத முகம், கசங்கிய சட்டை.

குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கியது. ஏறியது, இறங்கியது. பிறகு ஏறவில்லை. மெஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ் அவசரமில்லாமல் வந்தார். அவர் கை வருவதற்குள் நான் அந்தப் பாதத்தை என் விரலால் சுண்டினேன். மறுபடி ஏறியது.

எனக்கு அப்போது வாத்தியார் சொன்னதுதான் காதில் விழுந்தது. விடாம தொடர்றது. சத்தம் போடாது, ஆனா நிக்காது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்? வாசனை வேண்டாம், வெள்ளி வேண்டாம், புறா வேண்டாம். நிற்காமல் இருந்தால் போதும். அந்தச் சொல்லை யார் யாருக்கு வைத்திருந்தால் எனக்கென்ன? அவளுக்கு அவளுடைய வாப்பா வைத்தார். என் பிள்ளைக்கு நான் வைப்பேன்.

"தீமா" என்றேன். துளையில் வாயை வைத்து. "தீமா, நிக்காதடா. என் தங்கம், நிக்காத."

நர்ஸ் பேனாவை எடுத்தார். "எப்படி எழுதணும், சொல்லுங்க."

சொன்னேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தும் பார்த்தேன். நர்ஸ் சீட்டைத் திருப்பி ஒட்டினார். கண்ணாடிக்கு வெளியே அவர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 6, சனி

முப்பது கிராம் கூடியிருக்கிறாள். நேற்றும் இன்றும் மூச்சு ஒருமுறைகூட நிற்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமி வாசலில் வாங்கி, "வாடி என் மழை" என்றார். மண்ணெண்ணெய்ப் பேச்சு போன இடம் தெரியவில்லை.

ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. மாலையில் அவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாக, மெதுவாக. எனக்கு உள்ளே சுருக்கென்றது. அந்தக் கிளினிக்காரியை நினைக்கிறாரா? கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் குழந்தையின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவதற்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இனிமே சுண்ட வேண்டாம்னு டாக்டர் சொன்னாரு" என்றேன்.

"தெரியும்" என்றார். விரலை எடுக்கவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

பத்து மாதமாக எழுதவில்லை. எங்கே நேரம்? பேனாவைக் கண்டால் பிடுங்கி வாயில் வைக்கிறாள். மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கு பல்.

இன்று எழுதியே ஆக வேண்டும். அடுத்த வீட்டுக்காரி வந்திருந்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். வந்ததிலிருந்து என் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க பாப்பா பேரு ரொம்ப நல்லாருக்கு. எனக்கும் பொண்ணுதான்னு மனசு சொல்லுது. அதே பேரை வைக்கலாம்னு பாக்கறேன். நீங்க ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டீங்கல்ல?"

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குப்பென்று வந்தது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தீமாவா? இங்கே நான் ஒரு குரல் கொடுத்தால் அங்கே ஒன்று திரும்புமா? இந்தத் தெருவிலேயே ஒருத்திக்குத்தான் இருக்கிறது. அது போதும்.

"நினைக்க என்ன இருக்கு?" என்றேன். "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அந்தப் பேருல ஒரு சிக்கல் இருக்கு. ரொம்பச் சின்னது. கூப்பிட்டா பிள்ளை காதுல விழறதே இல்ல. நானும் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன், திரும்பறதே இல்ல. நீ ஹதீல்னு வை. புறா கூவுற சத்தம். எவ்வளவு அழகு. அரீஜ் இருக்கு, வாசனை…"

அவர் ஜன்னலோரம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. துணி மட்டும் வேகமாக ஓடியது.

"அப்படியாக்கா? திரும்பாதா?" என்றாள் அவள் கவலையோடு. பிறகு கட்டிலடியில் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த என் பெண்ணைப் பார்த்து, சும்மா, மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

"தீமா."

நான்கு பல்லையும் காட்டிக்கொண்டு திரும்பினாள்.